சீசன் முடிந்த பிறகு: அம்பாறைக் கரையின் மாரியும் வடதுருவத்தின் குளிரும்

ஒக்டோபர் கடைசியில் அறுகம்குடாவின் பிரதான வீதியில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கும். கச்சான் காற்று ஓய்ந்து வாடைக் காற்று தலைகாட்டிவிட்டால், முனையிலிருந்து வலப்பக்கமாக நீண்டு உடைந்த பேர்போன அலை கலங்கிக் குழம்பிவிடும். பலகை வாடகைக்குக் கொடுத்தவர்கள் மெழுகைச் சுரண்டித் துடைத்துப் பலகைகளை உள்ளே அடுக்குவார்கள். ஓட்டோக்காரர்கள் பொத்துவில் டவுன் ஓட்டத்துக்குத் திரும்புவார்கள். சமையற்காரர்களும் அலைச்சறுக்கு பழக்குபவர்களும் வெலிகமைக்கும் ஹிக்கடுவைக்கும் பஸ் ஏறுவார்கள். அங்கே அப்போதுதான் சீசன் பிறக்கிறது. உல்லை என்று ஊரார் சொல்லும் இந்த அறுகம்குடாவில் மிஞ்சுவது காவலுக்கு இருக்கும் ஓரிருவரும், அடுத்த ஏப்ரல் வரை தவணை கட்டவேண்டிய கடன்களும்தான்.

நாட்டின் கணக்கோடு வைத்துப் பார்த்தால் இது விசித்திரமான நிலை. 2024இல் இலங்கைக்கு வந்த உல்லாசப் பயணிகள் 20 இலட்சத்து 53 ஆயிரம் பேர். வருகை உச்சத்தில் இருப்பது டிசம்பர் முதல் மார்ச் வரை. ஐரோப்பியன் குளிருக்குத் தப்பி ஓடிவரும் அந்த மாதங்களில்தான் அம்பாறைக் கரை பூட்டிக் கிடக்கிறது. இன்னொரு விசித்திரமும் உண்டு. அதே மாதங்களில், வெயில் தேடி இங்கே வருகிறவர்களின் அண்டை அயலார் சிலர் எதிர்த் திசையில் பணம் கட்டிப் போகிறார்கள். பின்லாந்தின் ரொவானியெமிக்கும் நோர்வேயின் துரொம்சோவுக்கும் சுவீடனின் கிருனாவுக்கும் போய், சூரியன் சரியாகத் தலைகாட்டாத நாட்களில், சில இடங்களில் உறைநிலைக்குக் கீழே முப்பது பாகை வரை இறங்கும் குளிரில், கலைமான் வண்டியில் ஏறுகிறார்கள். உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கிறார்கள். இரவு முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நம் மாரியில் குளிரும் இல்லை, இருளும் இல்லை. மழைதான். அப்படியிருக்க அந்த நாலு மாதத்தை ஏன் பூட்டி வைத்திருக்கிறோம் என்ற கேள்வி பொத்துவிலில் அவ்வப்போது எழும், பிறகு அடங்கும். அதே கரையின் வடக்கே, கல்முனைப் பக்கம் அதைவிட அடிப்படையான கேள்வி எழும்: இந்தச் சுற்றுலாத் தொழில் நமக்குத் தேவைதானா? இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு முதலில் வடக்கே அவர்கள் செய்ததைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும்.

பனி இருந்ததால் வடதுருவத்தில் சுற்றுலா வளர்ந்தது என்று நினைப்பது பிழை. பனி என்றைக்கும் இருந்தது. ரொவானியெமி 1944இல் பின்வாங்கிய ஜேர்மன் படை கொளுத்திவிட்டுப் போன சாம்பல் மேடு. 1950இல் அமெரிக்க முன்னாள் ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் மீள்கட்டுமானத்தைப் பார்வையிட வருகிறார் என்றபோது, துருவ வட்டக் கோட்டருகே அவசர அவசரமாக ஒரு மரக்குடில் கட்டினார்கள். அந்தக் குடிலில்தான் கதை தொடங்குகிறது. நத்தார் தாத்தாவின் கிராமம் என்ற பெயரில் அதே இடம் 1985இல் பெரிதாகத் திறக்கப்பட்டது. குடிலுக்கும் கிராமத்துக்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகள். சுவீடனில் யுக்காசார்வி என்னும் சிற்றூர்க்காரர்கள் 1989 அளவில் தோர்ன ஆற்றுப் பனிக்கட்டியை அறுத்துக் கட்டிடம் எழுப்பத் தொடங்கினார்கள். கோடையில் உருகி ஆற்றிலேயே கலந்துவிடும் ஹோட்டலுக்கு உலகம் முழுக்க இருந்து ஆள் வருகிறது. கோடையில் மீன்பிடிக்கவும் நடக்கவும் மட்டுமே ஆள் வந்த ஊர், குளிரை முதலாக்கியது இப்படித்தான்.

துரொம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வராது. அங்கே துருவ ஒளி பார்க்கக் கூட்டிப்போகும் வழிகாட்டியின் மாலை எப்படிப் போகும் என்று கவனித்தால் தொழிலின் சூட்சுமம் பிடிபடும். பின்னேரமே முகில் வரைபடங்களைப் பார்த்து, கடலோரம் மூடியிருக்கும், உள்நாட்டுப் பக்கம் வெளித்திருக்கும் என்று கணக்குப் போடுவார். தேவைப்பட்டால் பின்லாந்து எல்லை வரை வான் வண்டியை ஓட்டுவார். வந்தவர்களின் உடுப்பை மேலும் கீழும் பார்ப்பார். காற்சட்டை மெல்லியதென்றால் கம்பனியின் குளிர் அங்கியையும் சப்பாத்தையும் கொடுத்துப் போடச் சொல்வார். வேண்டாம் என்று சொல்ல விடமாட்டார். இடம் வந்ததும் தீ மூட்டி, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்து, யாருடைய விரல் விறைக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஒளி தெரியாமலே விடிந்துவிடுவதும் உண்டு. ஆனால் பத்திரமாகத் திரும்பி வருவோம் என்ற நம்பிக்கைக்குத்தான் அந்தக் காசு கொடுக்கப்பட்டது. வடதுருவம் விற்பது அந்த மனிதரின் தலைக்குள் இருப்பதைத்தான், பனியை அல்ல என்பது என் கணிப்பு.

ஸ்வால்பார் தீவுகளில் இது இன்னும் கடுமை. ஊர் எல்லையைத் தாண்டினால் துருவக் கரடியை விரட்டும் சாதனம் கையில் இருக்க வேண்டும். 2025 முதல் கரடிக்கும் மனிதருக்கும் இடையே குறைந்தது 300 மீற்றர், இளவேனிலில் 500 மீற்றர் தூரம் வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. சட்டம் பலவீனமாக இருக்கும் இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஐஸ்லாந்து உதாரணம். அங்கே பனிக் குகைகள் குளிர்காலத்துக்கு உரியவை. கோடையில் உருகி இளகும். தேவை இருக்கிறதென்று கோடையிலும் கூட்டிப்போனார்கள். 2024 ஓகஸ்டில் வட்னயேக்குல் பகுதியில் குகையின் சுவர் சரிந்து ஒரு பயணி செத்தார். வழிகாட்டி கூட இருந்தும் நடந்த சாவு அது. பருவத்தை நீட்ட நினைக்கும் எவரும், நம்மவர் உட்பட, இதை மறக்கக் கூடாது.

மற்றொரு விவகாரம் நமக்கு இன்னும் நெருக்கமானது. வடக்கின் ஆதிக்குடிகள் சாமி மக்கள்; கலைமான் மேய்ப்பு அவர்கள் பிழைப்பு. சுற்றுலா வளர்ந்தபோது சாமி அல்லாதவர்கள் சாமி உடுப்பை மாட்டிக்கொண்டு, இல்லாத சடங்குகளை நடத்திக் காட்டினார்கள். நாய் வண்டி அவர்களின் மரபே அல்ல, ஆனாலும் அவர்களின் மரபு போல விற்பனையானது. பொறுத்துப் பார்த்த பின்லாந்தின் சாமி பாராளுமன்றம் 2018இல் சுற்றுலாக்காரருக்கான ஒழுக்க நெறிகளை எழுதி வெளியிட்டது. எங்களைப் பற்றி நாங்கள் சொல்கிறோம், வேஷத்தை விடுங்கள் என்பதே அதன் சாரம்.

அந்தக் குளிரில் நம்மவர் இல்லையா என்றால், இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து அந்தோனி இராஜேந்திரம் 1956இல் நோர்வே போய்ச் சேர்ந்து, பிறகு சீ-நோர் என்ற பெயரில் இலங்கையின் வடபகுதி மீனவருக்காக வலையும் படகும் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். அவர் திறந்த வழியிலும் யுத்தம் துரத்திய வழியிலும் போன ஈழத் தமிழர் பலர், நோர்வேயின் வடகோடிப் பின்மார்க்கில் மீன் வெட்டும் தொழிற்சாலைகளில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நின்று உழைத்தார்கள். துருவ இரவுக்குள் தமிழ் பேசிக்கொண்டே மீன் அரிந்தவர்கள். வெளியே பனியில் பயணிகளை நடத்திப் போகும் தொழிலில் அவர்கள் தலைமுறை பெரிதாக இறங்கவில்லை. அந்த வேலைக்கு உடம்பு வலு போதாது, இடத்தைக் கையளவாகத் தெரிந்திருக்க வேண்டும். அது ஒரு தலைமுறையில் வருவதில்லை.

இனி நம் கரைக்கு வருவோம். மருதமுனையில் தொடங்கி கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி என்று இறங்கிப் பொத்துவிலில் முடியும் பாதையில், உல்லாசப் பயணி நின்று பார்ப்பது கடைசி இடத்தில் மட்டுமே. மட்டக்களப்போடு ரயில் நின்றுவிடுகிறது. அதற்குத் தெற்கே பஸ்தான். கல்முனையிலிருந்து பொத்துவில் எழுபது கிலோமீற்றர் அளவு. ஆனால் மனத்தளவில் அதைவிடத் தூரம். பொத்துவிலின் சீசன் வியாபாரத்தில் கல்முனைக்காரருக்குப் பங்கு மிகக் குறைவு.

பொத்துவில் பக்கத்தில் வழிகாட்டி கூட வரும் பயணங்கள் நாலைந்து வகை. முதலில் அலை. எழுபதுகளிலேயே வெளிநாட்டவர் கண்டுபிடித்த அலை இது. 2019 செப்டம்பரில் உலக அலைச்சறுக்கு லீக்கின் தகுதிச் சுற்றுப் போட்டியே இங்கே நடந்தது. பெண்களுக்கென்று 2018இல் அறுகம்குடாவில் உருவான அலைச்சறுக்குக் கழகம் நாட்டில் முதலாவது. இப்போது உல்லைப் பொடியன்கள் பலகையில் நிற்கும் விதத்தைப் பார்த்தால், பிறந்ததே அலையில்தானோ என்று தோன்றும். ஆனால் பயிற்சி கொடுத்து உழைப்பதில் அவர்களோடு வெளிநாட்டவரும் போட்டிக்கு நிற்கிறார்கள் என்ற முறைப்பாடு கரையோரம் முழுக்க உண்டு.

இரண்டாவது களப்பு. பொத்துவில் களப்பில் மீனவர்களே தோணி ஓட்டிக் கண்டல் காட்டுகிறார்கள். இதுவே எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. இயந்திரம் கிடையாது. பின்னால் நிற்பவர் கம்பை ஊன்றித் தள்ள, தோணி சத்தமில்லாமல் கண்டல் நிழலுக்குள் நுழையும். கம்பு சேற்றில் இறங்கும் ஆழத்தை வைத்தே அவர் திசை மாற்றுவார். முதலை கிடக்கும் மேட்டை நமக்கு முன்னால் அவர் கண்டுவிடுவார். யானை கரைக்கு வந்திருந்தால் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத் தோணியை எதிர்க்கரையில் ஒதுக்குவார். அவருக்கு ஆங்கிலம் இருபது சொல்தான் தெரியும். அது போதுமென்றாலும், அவரிடம் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான் அந்த இருபது சொல்லில் வெளியே வருகிறது.

மூன்றாவது காடு. பாணமையைத் தாண்டி உகந்தைக்குப் போனால் குமண தேசியப் பூங்காவின் வாசல். 1938இல் பறவைச் சரணாலயம், 1970இல் யால கிழக்கு தேசியப் பூங்கா, 2006இல் குமண என்று பெயர் மாறி, 2010இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட இடம். 35,600 ஹெக்டயருக்கு மேல். யுத்தம் காரணமாக 1985இல் மூடி 2003இல்தான் திறந்தார்கள். லாகுகலைக் குளத்தில் கோடையில் யானைக் கூட்டம். இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரத்தில் படகில் போனால் தீவுக்குத் தீவு நீந்தும் யானை. மாவட்ட எல்லைக்கு அப்பால் ரத்துகலையில் ஆதிவாசிகளே காட்டுக்குள் நடத்திப் போகும் நடை. சாமி மக்கள் எழுப்பிய கேள்விகளுக்கு இலங்கையில் சரியான சோடி இந்த ரத்துகலை நடைதான். அங்கே பேசுபவர் யார், காசு போகும் பை எது என்று கேட்டுப் பார்க்க வேண்டியது அவசியம்.

இவை எல்லாவற்றுக்கும் மூத்த வழிகாட்டிப் பயணம் ஒன்று உண்டு. அதை யாரும் சுற்றுலாக் கணக்கில் சேர்ப்பதில்லை. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கரையோரமாக நடந்து வரும் பாதயாத்திரைக் கூட்டம், உகந்தை முருகனைக் கும்பிட்டுக் குமணக் காட்டையும் யாலவையும் கடந்து கதிர்காமம் சேரும். முன்னால் வேல் ஏந்திப் போகும் சாமியார் நிற்கச் சொன்னால் நிற்க வேண்டும். தண்ணீர் எங்கே என்று அவருக்குத்தான் தெரியும். இன்றைக்கும் ஆயிரக்கணக்கானோர் ஆனி, ஆடிக் காலத்தில் அந்தக் காட்டை நடந்தே கடக்கிறார்கள். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்துக்கு வெளியூர்ச் சனம் திரண்டு வருவதும் இந்த வகைதான். ஊர் விட்டு ஊர் போவதும், போகிறவரை ஊர் தாங்குவதும் நமக்குப் புதிதல்ல.

வேறொன்றும் தெளிவாக இருக்கிறது. பொத்துவில் பக்கத்துப் பயணங்கள் யாவும் கோடைக்கு உரியவை, கச்சான் காலத்துக்கு உரியவை. அந்தக் கோடைச் சீசனே திரும்பத் திரும்ப அடிபட்டிருக்கிறது. 2004 சுனாமி இலங்கையில் அதிக உயிர்களைக் கொண்டுபோன மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கு மேல். அதன்பின் கிழக்கில் 200 மீற்றர் வரை கட்டக் கூடாது என்ற அறிவிப்பு வந்து, உல்லையில் குடில் வைத்திருந்தவர்கள் தம் சொந்த நிலத்தில் நிற்கவும் வாதாட வேண்டியிருந்தது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதில் நடந்த வெடிப்பு, அடுத்த ஆண்டு கொரோனா, 2022இல் பெற்றோல் வரிசை. 2024 ஒக்டோபரில் அறுகம்குடாவில் தாக்குதல் நடக்கலாம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரிக்கை விட்டபோது, இஸ்ரேலியப் பயணிகள் மூட்டை கட்டினார்கள், சீசனின் வால் அறுந்தது. ஒரே பருவத்தில், ஒரே விளையாட்டில், ஒரு சில நாட்டவரில் தங்கி நிற்கும் ஊர் ஒரு அறிவிப்போடு படுத்துவிடும். மாரியைப் பற்றி யோசிக்க இதுவே போதிய காரணம்.

மாரியில் காட்ட என்னதான் இருக்கிறது? கடலை விட்டுவிடுங்கள். வாடைக் கடல் வருத்தும். கரைவலைக்காரரே தோணியை மேட்டில் இழுத்துக் கவிழ்த்து வைக்கிற காலத்தில் வெளியூரானை இறக்குவது பைத்தியக்காரத்தனம்.

ஆனால் கரைக்கு உட்புறம் பாருங்கள். நவம்பர், டிசம்பரில் பெய்யும் மழையில் களப்புகள் நிரம்பும். நீர் மட்டம் ஏறி வயலுக்குள் தள்ளத் தொடங்கினால் முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். பெரியநீலாவணை தொடங்கித் தெற்கே வரை ஆண்டுதோறும் நடக்கும் வேலை. களப்பு கடலுக்குள் சீறிப் பாயும்போது வலையோடு ஊரே திரண்டு நிற்கும். பெரும்போக வெள்ளாமை ஜனவரியில் கதிர் தள்ளும். சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை வெளிகளில் நின்று பார்த்தால் மேற்கே மலை வரை பச்சைதான். பாசனக் கணக்கை வைத்திருக்கும் வட்டவிதானை, இரவில் பரணில் யானைக் காவல் இருப்பவர், கதிரில் உட்காரும் குருவியை விரட்டும் பொடியன், இவர்களில் எவருடனும் ஒரு காலை நடந்தால் எந்தப் பூங்காவிலும் கிடைக்காத பாடம் கிடைக்கும்.

அந்த வெளிகளிலும் களப்பு மேடுகளிலும்தான் மாரியின் உண்மையான விருந்தாளிகள் நிற்கிறார்கள். வளைமூக்கு உள்ளான் என்றொரு பறவை. எடை ஐம்பது, அறுபது கிராம். சைபீரியாவின் வடகோடியில், துருவக் கடலை ஒட்டிய வெட்டவெளியில், சூரியன் மறையாத கோடையில் குஞ்சு பொரிக்கும். அங்கே உறைபனி தொடங்கும் முன் மத்திய ஆசியாவைக் கடந்து நம் களப்புகளுக்கு வந்து சேற்றைக் குத்திக்கொண்டு நிற்கும். கொசு உள்ளானும் அப்படித்தான். அதன் எடை முப்பது கிராமைத் தொடுவதே அபூர்வம். ரொவானியெமிக்கு விமானத்தில் போகிறவன் பனியைப் பார்க்கும் அதே நாளில், அப்படியான பனிக்கு அடியில் கிடக்கும் துருவ நிலத்தின் குடிகள் பொத்துவில் களப்பில் இருக்கிறார்கள். பறவை பார்க்கவென்றே உலகம் சுற்றுகிறவர்களுக்கு இந்த ஒரு செய்தி போதும், பெட்டி கட்டுவார்கள். குமணவின் பேர்போன கூடுகட்டும் காலம் மே, ஜூனில் வருவதால், மாரிப் பறவைகளைப் பற்றி நம் பக்கம் பேச்சே இல்லை. பொத்துவிலில் மாரியை முதலாக்க ஒரு காரியம் இருக்குமானால் அது இதுதான் என்று துணிந்து சொல்வேன்.

ஆனால் மாரி விளையாட்டல்ல. 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளியில், வெள்ளம் மேவிப் பாய்ந்த பாதையில், மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சம்மாந்துறைப் பக்கம் போன உழவு இயந்திரப் பெட்டி கவிழ்ந்தது. விடுமுறைக்கு வீடு திரும்பிய பிள்ளைகளின் ஜனாஸாக்களைத்தான் அவர்களின் உம்மாமார் கண்டார்கள். ஒவ்வொரு மாரியிலும் நீர் மேவுகிற பாதை அது, ஊரார் அறியாததல்ல. நிற்கச் சொல்லும் அதிகாரம் உள்ள ஒருவர் அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும். மறு ஆண்டு நவம்பர் கடைசியில் வந்த தித்வா புயல் நாடு முழுக்க அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. ஆகவே மாரிப் பயணம் என்று நான் சொல்வது நவம்பரும் டிசம்பரும் அல்ல. மழை தணிந்து, களப்பு நிறைந்து, பறவை நின்று, வெள்ளாமை விளைந்திருக்கும் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை இரண்டே மாதம். நாலு மாதத்தையும் விற்க நினைப்பது ஐஸ்லாந்துக்காரர் குகையில் செய்த காரியம்.

ஆள் இருக்கிறதா? அறிவுள்ள ஆள் தாராளமாக இருக்கிறது. கரைவலைக்குத் தலைமை தாங்கும் தண்டையல் கரையில் நின்றபடியே நீரின் நிறத்தை வைத்துக் கீரிச் சாளை மடையைச் சொல்வார். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் வழிகாட்டி அல்ல. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, இட வழிகாட்டி என்று பிரித்து அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. கொழும்பிலிருந்து காரில் கூட வரும் சாரதி வழிகாட்டிக்கு அட்டை இருக்கிறது. களப்பைப் பிறந்தது முதல் அறிந்தவருக்குப் பெரும்பாலும் இல்லை. அதனால் நடப்பது என்னவென்றால், அட்டை உள்ளவர் கரையில் நின்று பேரம் பேசுவார், தோணிக்காரர் கூலிக்குக் கம்பு ஊன்றுவார். துரொம்சோவில் வழிகாட்டிக்கு இருக்கும் அதிகாரம், இன்றைக்குப் போக ஏலாது என்று சொல்லும் அதிகாரம், இவருக்கு எப்படி வரும்? போகாவிட்டால் அன்றைய கூலி போச்சு. முதலாளி அடுத்தவரைக் கூப்பிடுவார்.

வழிகாட்டி இல்லாத இடத்தில் பார்வை எப்படிக் கெட்டுப்போகும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் யானைகள் பொலித்தீன் தின்கிற படம் 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகளில் வந்தது. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது யானை அங்கே செத்ததாக அப்போது கணக்குச் சொன்னார்கள். அதைச் செல்பி எடுக்கும் இடமாகவும் நம்மவர் சிலர் வைத்திருந்தார்கள். யானை பார்க்கப் போன பயணம் என்று அதற்குப் பெயர்.

கல்முனையின் தயக்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். சுற்றுலா என்றதும் நம் ஊர்ப் பெரியவர்களின் மனத்தில் எழும் படம் மதுவும் அரைகுறை உடுப்பும்தான். உல்லையில் சில இராக்கூத்துகளைப் பார்த்தவர் அப்படி நினைப்பதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது கடற்கரைச் சீசனின் முகம். விடியற்காலை தொலைநோக்கியும் குறிப்பேடுமாக வயல் வரப்பில் நிற்க வருகிறவர் வேறு ரகம். அநேகமாக வயதானவர், இரவு ஒன்பதுக்குப் படுத்துவிடுவார். நீளக் கைச்சட்டையை நுளம்புக்குப் பயந்து அவராகவே போட்டுக்கொள்வார். அப்படியானவரைப் பொத்துவிலில் மட்டும் தங்கவைக்க வேண்டியதும் இல்லை. ஒலுவிலிலோ நிந்தவூரிலோ ஒரு வீட்டின் முன்னறை போதும். ராத்தாமார் சுடும் இடியப்பமும் மீன் சொதியும், மழை நாளில் மருதமுனைத் தறியடியில் ஒரு மணி நேரமும் போதும். நோன்பு மாதம் சில ஆண்டுகளுக்கு இந்த இரண்டு மாதத்துக்குள்ளேயே விழுவது சிக்கல்தான். பகலில் சமையல் இல்லாத வீட்டில் விருந்தாளியை எப்படி வைப்பது என்பதை ஊர்தான் பேசி முடிக்க வேண்டும்.

எனக்குள்ள பெரிய சந்தேகம், முதல் ஆண்டிலேயே வெளிநாட்டவரைத் தேடி ஓட வேண்டுமா என்பதில்தான். பெருநாளுக்குப் பெருநாள் ஒலுவில் வெளிச்சவீட்டடியிலும் நிந்தவூர்க் கடற்கரையிலும் நம் குடும்பங்கள் வானும் ஓட்டோவும் பிடித்துக் குவிகிறார்கள். கடலைப் பார்த்துக் கச்சான் கொட்டை கொறித்துவிட்டுத் திரும்புகிறார்கள். பதினைந்து கிலோமீற்றர் தள்ளிச் சைபீரியப் பறவை நிற்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. பாடசாலைகளும் ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் மாணவர்களும் சேர்ந்தால், இரண்டு மாரிக்குள் எந்தக் களப்பில் எந்தக் கிழமை எது வருகிறது என்ற பதிவு கையில் இருக்கும். அந்தப் பதிவு இல்லாமல் வெளியூரானுக்கு எதை வாக்குக் கொடுப்பது? ரொவானியெமிக் குடிலுக்கும் கிராமத்துக்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டு ஆனது. நமக்கு இரண்டு மாரி பெரிய காத்திருப்பல்ல.

பிறகு காசு. எல்லாத் திட்டமும் சறுக்கும் இடம் இதுதான். தோணிக்காரர் காலையில் எழுந்து வானத்தைப் பார்த்து, இன்றைக்கு வேண்டாம் என்று சொன்னால் அவருக்கு அன்றைய கூலியில் பாதியாவது கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் அப்படிச் சொல்லமாட்டார். மூன்று பிள்ளை உள்ளவர் சொல்லவும் முடியாது. அந்தப் பாதிக்கு நிதி எங்கே? ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை உல்லையில் வாடகைக்குப் போகும் ஒவ்வொரு பலகையிலும், ஒவ்வொரு அறையிலும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி, மாரியில் தோணி போகாத நாட்களுக்கு வைக்கலாம். கரைவலையில் முதலாளிக்கும் தண்டையலுக்கும் வலை இழுத்தவருக்கும் பங்கு பிரிக்கும் முறை நம் கரையில் இருக்கவே இருக்கிறது. ஆளைக் கூட்டி இன்னொரு பங்கைச் சேர்ப்பதுதான் வேலை. ஹோட்டல்காரர் முதலில் முகம் சுளிப்பார். மாரியில் அவருடைய அறையும் நிரம்பும் என்று காட்டினால் மட்டுமே இறங்கி வருவார். அதைக் காட்ட முதலாவது மாரியின் கணக்கு வேண்டும். அந்த முதலாவது மாரிக்கான நிதியை அவரிடம் கேட்க முடியாது. மீனவர் சங்கமோ பள்ளிவாசல் நிருவாகமோ பிரதேச சபையோ அதைக் கைமாற்றாகக் கொடுக்க முன்வருமா என்பதைக் கச்சான் தொடங்கும் முன், ஆட்கள் ஊரில் இருக்கும் மார்ச் மாதத்திலேயே, பொத்துவிலில் கூட்டம் போட்டுக் கேட்டுவிட வேண்டும். ஏப்ரலுக்குப் பிறகு யாருக்கும் நேரம் இருக்காது.